மாம்பலகையும் தேக்கும் ஒரே கறுப்பில்

பிற்பகலில் அடக்கம். காலையில் நான் சாயம் பூசிய சவப்பெட்டி சிரங்கு பிடித்ததுபோல் நின்றது. தேக்குப் பலகைகள் நன்றாகக் கறுத்துவிட்டன. ஒரு பக்கத்து மாம்பலகையில் மட்டும் அங்கங்கே சாம்பல் திட்டு, நடுநடுவே பழைய மஞ்சள். பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையின் தச்சுக்கூடத்தில் சாயமும் மெருகும் என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அன்று அது போன இடம் தெரியவில்லை.

இறந்தவள் செங்கேணி, கரையோரக் குப்பத்து மீனவப் பெண். பீரங்கி பார்க்கும் யான் என்ற ஒல்லாந்தத் துரையைக் கல்யாணம் செய்துகொண்டு கோட்டைக்கு வந்தவள். அங்கிருந்த துரைசானிகள் கடைசிவரை அவளைத் தங்கள் வரிசையில் உட்காரவிடவில்லை. துரை என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அவங்களுக்குச் செய்றா மாதிரியே கருங்காலி நெறம் வேணும். நாலு பக்கமும் ஒண்ணா இருக்கணும். ஒரு திட்டு தெரியக் கூடாது."

கருங்காலி இல்லை, தேக்கு இருந்தது. தேக்கிலேயே முடித்திருப்போம். ஆனால் செங்கேணியின் தம்பி எல்லப்பன் தன் படகைப் பிரித்து ஒரு மாம்பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

தச்சுக்கூடத்து மேஸ்திரி அந்தப் பலகையைக் காட்டித்தான் கத்தினார். "இன்னாய்யா இது? அத்தக் கழட்டி எறி. கிடங்குல தேக்கு கீது, எடுத்துப் போடு."

எல்லப்பன் பெட்டிமேல் கை வைத்துக்கொண்டான். "எங்க நைனா கட்டின படகு மேஸ்திரி. அந்தப் பலகமேல குந்திதான் அக்கா வளந்துச்சு. எங்க மரம் இல்லாம அக்காவ அனுப்ப மாட்டேன்."

துரை இருவரையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் மாம்பலகையை நகத்தால் சுரண்டினேன்; நகத்தில் எண்ணெய் ஒட்டியது.

எங்கள் கறுப்பு, பழைய ஆணிகளைப் பனைவெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு எடுக்கும் காடி. துவர்ப்புள்ள மரத்தில்தான் அது கறுக்கும். தேக்குக்கு அது போதும். மாமரத்துக்கு முதலில் கடுக்காய்த் தண்ணீர் கொடுத்துத் துவர்ப்பு ஏற்ற வேண்டும். அதையும் கொடுத்திருந்தேன். நான் யோசிக்காமல் விட்டது மீனெண்ணெய். படகுப் பலகைக்கு வருஷா வருஷம் தடவுவார்கள். அது உள்ளே இறங்கியிருக்கும். எண்ணெய் குடித்த மரம் வேறெதையும் குடிக்காது. வெளியூர்த் தச்சனாக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டே கண்டுபிடித்திருப்பான். கரையிலேயே பிறந்த எனக்கு அது ஒரு நாற்றமாகவே தெரியவில்லை.

எண்ணெயை எடுக்க, வண்ணார் வெளுக்கும் உவர்மண்ணை வெந்நீரில் கரைத்துத் தேய்த்தேன். எல்லப்பனும் தென்னை நாரோடு வந்து உட்கார்ந்தான். நுரை மஞ்சளாக இறங்கியது. நான்கு முறை தேய்த்தோம். உவர் போகப் புளித்த கஞ்சித் தண்ணீரால் கழுவி வெயிலில் திருப்பி வைத்தோம். காய்ந்ததும் கெட்டியான கடுக்காய்ச் சாறு மூன்று கை பூசினேன், பிறகு காடி. ஈரம் காய்வதற்குள் என் கண்ணெதிரே அந்தப் பலகை கறுத்தது. படகு தைத்த கயிற்றுத் துளைகளை அரக்கும் மரத்தூளும் குழைத்து அடைத்தேன். கடைசியில் எல்லாப் பக்கமும் தேன்மெழுகு.

பெட்டியைத் துரை வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். துரைசானிகள் வந்தார்கள். பெட்டியைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். துரை என் தோளைப் பிடித்து அழுத்தினார். என் வேலையில் அப்படி ஒரு சமநிறம் அதற்கு முன் வந்ததில்லை. சாவு வீட்டில் நின்றுகொண்டு எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

தூக்கும் நேரத்தில் எல்லப்பன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான், தடவிப் பார்த்தான்.

"ணா, எங்க பலக எது?"

"இடப்பக்கம், எல்லப்பா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

இடப்பக்கம் போய்க் கை வைத்தான். எதிர்ப்பக்கத்தையும் ஒருமுறை பார்த்தான். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. நான் சொன்னதை நம்புவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. கல்லறைத் தோட்டம் வரைக்கும் அந்தப் பக்கத்திலேயே நடந்தான்.

அன்றிலிருந்து, யாராவது தன் வீட்டு மரத்தைக் கொண்டுவந்து கொடுத்தால், மூடி போடுமுன் கண்ணில் படும்படி அந்தப் பலகையின் உள்பக்கத்தில் உள்ளங்கை அகலம் சாயம் பூசாமல் விடுகிறேன். சோம்பேறித்தனம் என்று மேஸ்திரி திட்டினார். திட்டிவிட்டுப் போகட்டும். மரம் கொடுத்தவனுக்கு எங்கே கை வைப்பது என்று தெரிய வேண்டும்.