யாரும் ஓட்டாத சுற்று

பலகை அக்காவுக்கு வேலையே பெயராகிவிட்டது. சைக்கிள் பந்தய அரங்கில், வீராங்கனை கோட்டைத் தாண்டும்போதெல்லாம் பலகையில் எண் அட்டையைப் புரட்டுவாள். நடுவர் தனியாக எண்ண வேண்டும் என்பது விதி. ஆனால் அவர் அக்காவின் பலகையைப் பார்த்துத்தான் ஏட்டில் எழுதுவார். மரப் பாதையைத் துடைப்பது என் வேலை. பதினோரு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒருத்தி ஒரு மணி நேரத்தில், சுற்றுக்கு இருபத்தோரு நொடி வீதம், நூற்று எழுபத்தொரு சுற்று ஓட்டிப் பெண்கள் சாதனையைப் பிடித்தாள். அன்று அக்காவின் வியர்த்த விரலில் இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டன. தொண்ணூற்று மூன்றுக்குப் பின் தொண்ணூற்றைந்து விழுந்தது. அடுத்த சுற்றுக்குப் புரட்டாமல் விட்டிருந்தால் சரியாகியிருக்கும். ஆனால் நடுவர் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அடுத்த சுற்றில் அக்காவின் கை தானாகப் புரட்டியது. கீழே நின்று நான் பார்த்தேன்.

அதன் பிறகு அக்கா, காலிப் பாதையில் சக்கரம் உருளுவது கேட்கிறது என்பாள்.

“மேல ஃபேன் சுத்துதுக்கா.”

“இருபத்தோரு செகண்டுக்கு ஒரு தரம் சுத்துற ஃபேனாடி?”

சிரித்தேன். ஆனாலும் துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன்.

சாதனையை முறியடிக்க வந்த நான்கு பெண்கள் தோற்றுப் போனார்கள். ஐந்தாவதாக வந்தவள் ஒரு தபால்காரி. நூற்று எழுபதரை சுற்று ஓட்டினாள். இறங்கி, காலணியைக்கூடக் கழற்றாமல் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அரை சுத்துக்கா. உயிரைக் குடுத்து ஓட்டினேன்.”

அக்கா எழுந்து நேராக நடுவர் அறைக்குப் போனாள். வாளியோடு நானும் பின்னால் போனேன்.

“சார், அந்த நூத்தி எழுபத்தொண்ணுல ஒரு சுத்து யாரும் ஓட்டல. ரெண்டு அட்டை ஒண்ணா விழுந்துடுச்சு.”

“மூணு வருஷமா வாயைத் தைச்சு வச்சிருந்தியா?”

“வேலை போயிடும்னு பயம் சார்.”

அவர் பழைய வீராங்கனைக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். அவள் குரலில் கோபமே இல்லை. “ஒவ்வொரு சுத்தும் என் காலுக்கு ஞாபகம் இருக்கு சார். அதையும் நான்தான் ஓட்டினேன்.”

போனை வைத்துவிட்டு நடுவர் கேட்டார்: “யார் சொல்றதை நம்பறது? வேற யாராவது பாத்தாங்களா?”

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. இந்த மூன்று வருடத்தில் ஒருநாளும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டதில்லை. வாளியைக் கீழே வைத்தேன்.

“நான் பாத்தேன் சார். தொண்ணூத்தி மூணு. அடுத்தது தொண்ணூத்தி அஞ்சு.”

“அஞ்சாங்கிளாஸோட நின்னவதானே நீ? எண்ணத் தெரியுமா?”

“நூறு வரைக்கும் நல்லாத் தெரியும் சார்.”

அவர் திருத்தம் எழுதத் தாளை எடுத்தார்.

பழைய கணக்கு நூற்று எழுபதாகக் குறைய, சாதனை தபால்காரியின் பெயருக்கு மாறியது. அக்காவின் வேலை போனது. போன வாரம் பேசினாள்.

“எனக்கு இப்பல்லாம் அந்தச் சத்தம் கேக்கல. உனக்கு?”

“அது ஃபேன்தான்க்கா” என்றேன்.

மத்தியானம் தனியாகப் பாதையைத் துடைக்கிறேன். இருபத்தோரு நொடிக்கு ஒரு தரம் என் முதுகுக்குப் பின்னால் ஏதோ கடந்து போகிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. துணியை ஓரமாக இழுத்து வழி விடுகிறேன்.