ரெண்டை அமுத்தினால் மோட்டார் நின்ற நேரம்

எனக்குப் போன் பேச வராது. யாராவது "யாருங்க?" என்று கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் எங்கள் தோட்டத்து மோட்டாருக்குப் போன் பண்ணக் கூச்சமே இல்லை. அது யாரென்று கேட்காது.

எங்களுக்கும் கொழுந்தனார் குடும்பத்துக்கும் பொதுவில் ஒரே போர்க் கிணறு. காலையில் அவர்கள் முறை, மதியத்துக்கு மேல் எங்கள் முறை. இந்த வெயிலுக்கு முன்னால்தான் மோட்டாரில் சிம் போட்ட பெட்டி ஒன்று மாட்டினார்கள். கூப்பிட்டு நம்பரை அமுத்தினால், பெட்டி பதிந்து வைத்திருக்கிற நேரத்தை ஒரு பெண்குரல் மலையாளத்தில் சொல்லும்; அதில் மணிக் கணக்கு மட்டும்தான் எங்களுக்குப் புரியும். எந்த நம்பருக்கு எந்த நேரம் என்று மாட்டியவர் சொல்லாமலே போய்விட்டார்.

நான் ஒவ்வொன்றாக அமுத்திப் பார்த்தேன். மோட்டாரைப் போடுவேன், மணி பார்ப்பேன், கூப்பிடுவேன். நிறுத்துவேன், மறுபடி கூப்பிடுவேன். கரண்டு போனால் எல்லாரும் சலித்துக்கொள்வார்கள், எனக்கானால் ஒரே சந்தோஷம்! மாட்டுக் கொம்புக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டை எடுத்து மோட்டார் ரூம் கதவில் எழுதினேன்:

ஒண்ணு - கடைசியாக மோட்டார் ஓட ஆரம்பித்த நேரம்.
ரெண்டு - கடைசியாக நின்ற நேரம்.
மூணு - கடைசியாகக் கரண்டு போன நேரம்.
ரெண்டும் மூணும் ஒரே நேரம் சொன்னால் கரண்டு போய் நின்றது. வேறு வேறு சொன்னால் நாம் நிறுத்தியது.

கடைசி வரி ரொம்ப முக்கியம். கரண்டு போய் நின்றால், விட்டுப்போன தண்ணியை அடுத்தவர் முறையில் எடுத்துக்கொள்ளலாம். நாமே நிறுத்தினால் அவ்வளவுதான். எங்களுக்குள் அப்படித்தான் பேச்சு.

பெயிண்ட் காய்ந்த மறுநாளே கொழுந்தனார் சம்சாரம் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தீவனம் வாங்கப் போனாள். திரும்பி வந்தால் வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. முந்தின நாள் நட்ட தக்காளி நாத்து தலை தொங்கிவிட்டது. அதற்குள் எங்கள் வீட்டுக்காரர் வாழைக்கு மடை திருப்ப மம்பட்டியோடு வந்துவிட்டார், பின்னாலேயே நானும்.

"மாமா, நடுவுல கரண்டு போயிட்டு வந்திருக்குங்க. எனக்கு இன்னும் பாதி வயல் பாயோணும்."

"ஊட்டுல ஃபேன் ஓடிட்டுத்தானே இருந்துச்சு? நீயே நிறுத்திப்போட்டு மறந்திருப்பே."

"தோட்டத்து லைன் வேறயில்லீங்களா? நாத்துப் பூராப் போயிருமுங்க!"

அவள் கதவைப் பார்த்தாள். நான் சட்டென்று தென்னைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தாள். எழுதினது தப்பாக இருந்தால் அவள் நாத்து போச்சே!

போனில் பெட்டியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு ரெண்டை அமுத்தினாள். பெட்டி நேரம் சொன்னது. மூணை அமுத்தினாள். அதே நேரம்!

"கேட்டீங்களா மாமா? அக்கா எழுதினபடியே சொல்லுது!"

அவர் கதவைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார்.

"வா புள்ள வெளிய. எழுதி எழுதி நம்ம வாழைத் தண்ணியவே எழுதிக் குடுத்துட்டயே."

"வாழை ஒரு நாள் தாங்குமுங்க, நாத்துத் தாங்காது," என்றேன். அத்தனை சத்தமாகப் பேசியது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

அவர் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். அவள் மோட்டாரைப் போட்டாள். குழாய் ஒருதரம் இருமியது, பிறகு குபுகுபுவென்று தண்ணி. நாங்கள் ரெண்டு பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலோடு தக்காளிப் பக்கம் ஓடினோம்.