அரை நிமிடத் தீயும் மூன்று மாதப் பவுடரும்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பல்லக்கா என்றால்தான் தெரியும். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவள் தொழில். ஊரில் பாதிப் பேர் வாய் திறந்து சிரிப்பது இவள் புண்ணியத்தில்தான் என்று அவள் கணவர் கேலி செய்வார். வயது நாற்பத்தெட்டு. ஒரு கடைவாய்ப்பல்லின் மேல் இருக்கும் சின்னப் பள்ளத்துக்காக ஒரு மணி நேரம் குனிந்து உட்காருவாள். ஆனால் மனிதர்களிடம் அவளுக்குப் பொறுமை கிடையாது. இருந்த பொறுமையெல்லாம் பல்லுக்கே போய்விட்டது போலிருக்கிறது.

மிச்சம் மீதி இருந்தது காருக்குப் போனது. வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஆறு வருஷமாக ஒரு பழைய கார் நின்றது. உருண்டை முன்விளக்கு, நாலு கதவு, அவள் பிறப்பதற்கு முன்பே கம்பெனி செய்வதை நிறுத்திவிட்ட ரகம். ஒரு மருத்துவர் வீட்டுக் கொல்லையில் கோழி அடைந்து கிடந்ததை, "எடுத்துட்டுப் போனீங்கன்னாவே போதும்மா" என்று அவர் தள்ளிவிட, இவள் தூக்கி வந்துவிட்டாள். ஒவ்வொரு நட்டையும் கழற்றி, பல் செட் அனுப்பும் சின்ன டப்பாக்களில் போட்டு, டப்பா மேல் சீட்டு ஒட்டி, ஆறு வருஷம். கணவர் பேருந்து ஓட்டுநர். "பகல் பூரா ஸ்டியரிங்கோட மாரடிக்கிறேன். வீட்டுக்கு வந்தா இங்கயும் ஒண்ணு பல்லைக் காட்டிட்டு நிக்குது" என்பார். ஷெட் பக்கம் எட்டிப் பார்ப்பதோடு சரி.

கூட மாட உதவிக்கு வருவது அவள் தம்பி. லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை. கெட்டிக்காரன்தான், ஆனால் ஒரு ஸ்பேனரை எடுத்துத் தருவதற்குள் அந்த ஸ்பேனரின் பூர்வோத்திரம் முழுவதையும் சொல்லுவான். பல்லக்கா அவனுக்கு வைத்த பெயர் பொழிப்புரை. "பொழிப்புரை வந்தாச்சு" என்று அவள் சலித்துக்கொண்டாலும், ஞாயிற்றுக்கிழமை அவன் வர ஐந்து நிமிஷம் தாமதமானால் வாசலைப் பார்ப்பாள்.

அப்படி ஒரு ஞாயிறு காலையில்தான் எஞ்சினை முதல் தடவை உயிர்ப்பிக்க நாள் குறித்தாள். கார்பரேட்டருக்குள் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிவிட்டு, கேனைக் காருக்கு எதிரே சுவரோரம் இருந்த மேஜையின் அடியில் தள்ளினாள். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். தம்பி திறந்த பானெட் பக்கம் நின்றான். எஞ்சின் இருமியது. இரண்டாம் தடவை நாலு விநாடி ஓடியது. அந்த நாலு விநாடியில் பல்லக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் தடவை 'டப்' என்று ஒரு வெடி. பானெட் இடுக்கில் மஞ்சளாக ஏதோ ஆடியது.

"அக்கா, நெருப்பு! சாவியை அணை! இறங்கு!"

அணைத்துவிட்டு இறங்கி ஓடி வந்தாள். கார்பரேட்டர் மேல் ஒரு சாண் உயரத்துக்குத் தீ. ஒரு ஈரச்சாக்கைப் போட்டிருந்தால் அடங்கியிருக்கும் என்று இன்றைக்கும் சொல்லுவாள். அதற்குள் தம்பி சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானை எடுத்துவிட்டான். ஒரு பீச்சு. தீ அணைந்தது. அதோடு நிறுத்தினானா? குனிந்தான், தவழ்ந்தான், காருக்கு அடியில் பீச்சினான், தரையில் பீச்சினான், மேஜையடியில் பீச்சினான். ஷெட் முழுக்கப் புகை மாதிரி பவுடர். எதிரே இருப்பது ஆளா கதவா என்று தெரியவில்லை.

"போதும்டா! அணைஞ்சிடுச்சு! நிறுத்துடா!"

சிலிண்டர் காலியாகி விக்கல் எடுத்த பிறகுதான் நிறுத்தினான்.

பட்ட காலிலே படும் என்பார்களே, அது எதிர்வீட்டிலிருந்து வாளியோடு வந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர். நல்ல மனுஷர். சத்தம் கேட்டு ஓடிவந்தவர், அணைந்துபோன எஞ்சின் மேல் ஒரு வாளித் தண்ணீரைச் சளப்பென்று ஊற்றினார். தீயணைக்கும் பவுடர் காய்ந்து கிடந்தால் ஊதித் தள்ளலாம். தண்ணீர் பட்டால் பசை. எஞ்சின் இடுக்கு, ஒயர் இணைப்பு, தரை, எல்லா இடத்திலும் அப்பியது. நாலு நாள் விட்டால் உலோகத்தை அரிக்கவும் ஆரம்பித்துவிடும்.

"நல்லவேளை, சமயத்துக்கு வந்தேன்" என்றார் தபால்காரர்.

அவரிடம் கோபப்பட முடியாது. பல்லக்கா தம்பி பக்கம் திரும்பினாள். புருவம் வரை மஞ்சள் மாவாக நின்றுகொண்டு, "அக்கா, அது ஏன்னா, கீழ..." என்று அவன் ஆரம்பித்தான்.

"ஒரு வார்த்தை பேசாதே! அரை நிமிஷத் தீ அது. அதுக்கு ஆறு வருஷத்தையும் மாவு மில்லு ஆக்கிட்டே. உன் விளக்கம் ஒண்ணும் எனக்கு வேண்டாம். வாயை மூடிக்கிட்டுக் கிளம்பு!"

அவன் அக்காவை ஒரு தடவை பார்த்தான். சட்டையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த நாளிலிருந்து துக்கம் விசாரிக்க வரிசையாக ஆள் வந்தது. "உயிருக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார்கள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார்கள். ஏழாவது ஆள் அதைச் சொன்னபோது, "தலைப்பாகை கட்ட எனக்கு ஆறு வருஷம் ஆச்சு" என்று பல்லக்கா வெடித்தாள். கணவர் வாசலையும் படியையும் நாலு தடவை பெருக்கினார். துவைத்துக் காயப்போட்டிருந்த அவருடைய சீருடை மூன்றிலும் பவுடர் படிந்திருந்தது. தட்டிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். "என்னங்க, ரெண்டு வார்த்தை திட்டிடுங்களேன். நிம்மதியா இருக்கும்" என்று இவளே கேட்டுப் பார்த்தாள். "திட்டி என்னத்துக்கு? வீடு பத்திக்கலையே" என்றார் அவர். அந்தச் சாந்தத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

காப்பீட்டு அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். படிவத்தில் இருப்பதை வரிசை மாறாமல் கேட்டாள்.

"சம்பவம் நடந்தப்போ வண்டி எவ்வளவு வேகத்துல போச்சு மேடம்?"

"போகலைங்க. நின்னுது."

"சிக்னல்லயா?"

"ஷெட்டுலங்க. ஆறு வருஷமா நிக்குது."

"சரி. எங்க கிளம்பிட்டு இருந்தீங்க?"

பல்லக்கா தொலைபேசியை மேஜை மேல் வைத்துவிட்டு, முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி எடுத்தாள். அந்தப் பெண் அப்போதும் காத்திருந்தாள். கடைசியில், ஓடாத வண்டிக்கு ஓடும்போது ஏற்படும் சேதம் பொருந்தாது என்று கடிதம் வந்தது.

பிறகு வேலையில் இறங்கினாள். பவுடரைச் சுத்தம் செய்வது பல் வேலை மாதிரிதான், அவசரப்பட்டால் கெட்டது. பல்லுக்கு வைத்திருந்த மெல்லிய தூரிகைகள், கொக்கி ஊசி, நீராவி அடிக்கும் கருவி எல்லாம் ஷெட்டுக்கு வந்தன. கார்பரேட்டரைப் பிரித்தாள், டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்தாள். ஒயர்களின் மேலுறை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. சுத்தம் செய்தேன் என்று துடைத்து வைத்த துளைக்குள்ளிருந்து மறுநாள் ஒரு சிட்டிகை மஞ்சள் எட்டிப் பார்க்கும். ஒரு நாள் பல் செய்யும் ஆய்வகத்தில் ஒருவருடைய மேல்வரிசைப் பல் செட்டை மெருகேற்றும்போது, அவள் தலைமுடியிலிருந்து அதன் மேலேயே பவுடர் கொட்டியது. தம்பியை நினைத்து வைதுகொண்டே அந்தப் பல்லைக் கழுவினாள்.

தம்பி வரவில்லை, பேசவுமில்லை. அவன் மனைவி ஒரு முறை அழைத்து, "அண்ணி, அவர் வீட்டுலயும் பேச மாட்டேங்கிறார். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டியிருக்கு. என்னவோ மாதிரி இருக்கு" என்றாள். "கொஞ்ச நாள் காதுக்கு ஓய்வு குடு" என்று சொல்லி வைத்துவிட்டாள் பல்லக்கா.

மேல் வேலை முடியும் கட்டத்தில் பெட்ரோல் ஹோஸைக் கழற்றினாள். தீ ஆரம்பித்தது அங்கேதான். அதன் முனைக் கிளிப்பை இறுக்கியவன் தம்பி. சரியாக இறுக்கியிருக்க மாட்டான் என்பது முதல் நாளே அவள் எழுதி வைத்த தீர்ப்பு. கிளிப் இரும்பாக இருந்தது. ஒரு நூல் இழைகூடத் தளரவில்லை. கிளிப்பிலிருந்து நாலு விரல் தள்ளி, ஹோஸே வாய் பிளந்திருந்தது. வண்டியோடு வந்த பழைய ஹோஸ். மேலே துணி பின்னியது, பார்க்க அழகு. "இதை மாத்திடுக்கா. இது எப்படின்னா..." என்று அவன் பொழிப்புரை தொடங்கியபோது, "பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்று அவள் வெட்டிவிட்டது காதில் கேட்டது. புது ஹோஸ் இரண்டாவது டிராயரில், உறை பிரிக்காமல் கிடந்தது.

"சே!" என்றாள் வாய்விட்டு.

ஸ்டார்ட்டரைக் கழற்றக் காருக்கு அடியில் போக வேண்டியிருந்தது. தரையில் பசை காய்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிக் கிடந்தது. முதுகைக் குத்துகிறதே என்று கரண்டியால் சுரண்டினாள். அடியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. இன்னும் சுரண்டினாள். எஞ்சின் ஆயில் சொட்டுவதற்காக அவள் வைத்திருந்த பிளாஸ்டிக் தட்டு பாதி உருகித் தரையோடு ஒட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு கரிக்கோடு கிளம்பி, தரையின் சரிவில் முன்பக்கமாகப் போயிற்று. முட்டி போட்டு, கோட்டின் பின்னாலேயே சுரண்டிக்கொண்டு போனாள். காரைத் தாண்டி, மேஜைக்கு அடியில் போய், ஓரிடத்தில் நின்றது.

அங்கிருந்து ஒரு சாண் தள்ளிப் பெட்ரோல் கேன். அதன் மூடி மேஜை மேல் இருந்தது, அன்றைக்கு அவள் வைத்த இடத்திலேயே. பக்கத்தில் பெயின்ட்டில் கலக்கும் தின்னர் இரண்டு டப்பா.

பல்லக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேலே அணைந்ததைத்தான் அவள் பார்த்தாள். கீழே ஓடிக்கொண்டிருந்ததை அவன் பார்த்திருக்கிறான். போதும் போதும் என்று இவள் கத்தக் கத்த, அவன் தவழ்ந்து துரத்தியது அதைத்தான். ஷெட் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. அன்று காலை அங்கே கணவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்.

பயம் இப்போதுதான் வந்தது, இருபத்திரண்டு நாள் கழித்து. அதன் பின்னாலேயே எரிச்சலும் வந்தது. இதைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே, படுபாவி!

கேனை மூடி, வெளியே தள்ளி வைத்தாள். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் எடைமேடைக்குக் கிளம்பினாள். மதிய நேரம். கண்ணாடிக் கூண்டுக்குள் தம்பி உட்கார்ந்திருந்தான். மணல் லாரி ஒன்று இறங்கிப் போனதும், சுற்றிப் போகப் பொறுமையில்லாமல் இவள் இரும்பு மேடை மேலேயே நடந்தாள். வெளியே பெரிய சிவப்பு எழுத்தில் 80 என்று விழுந்தது. வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் சிரித்தார்கள்.

"என்னடா இது? நான் எழுபதுதான்!"

தம்பி ஒலிபெருக்கியில், மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக அவளிடம் பேசினான். "இருபது இருபது கிலோவாத்தான் காட்டும். இறங்கு, வண்டி வருது."

கூண்டுக்குள் போய் நின்றாள். அவன் சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே கொடுத்துக்கொண்டிருந்தான்.

"கீழ எரிஞ்சுதாடா?"

"எரிஞ்சுது."

"கேன் வரைக்கும் வந்துதா?"

"வந்துது."

"ஏன்டா சொல்லல?"

"வாயை மூடுன்னு சொன்னே. மூடினேன்."

"இருபத்திரெண்டு நாளாவா? ரெண்டு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாதவன், சொல்ல வேண்டியதை மட்டும் விழுங்கிட்டு உக்காந்திருக்கே!"

"எத்தனை தடவைக்கா வெட்டுவே?" என்றான். "சொல்ல ஆரம்பிச்சாலே வெட்டுறே. எனக்கும் ஒரு ரோஷம் இருக்குல்ல?"

பல்லக்காவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. எதிர்ச் சுவரில் இருந்த எடைப் பட்டியலை மேலிருந்து கீழ் வரை படித்தாள். "அந்த ஹோஸும் நான்தான்" என்றாள் கடைசியில். "உன் கிளிப் நல்லாத்தான் இருக்கு. புதுசு டிராயர்லயே கிடந்துது. கேனை மூடாததும் நான்தான். தப்பு பூரா என்மேல. போதுமா?"

"போதாது" என்றான் தம்பி. "கொஞ்சம் உக்காரு."

உட்கார்ந்தாள். பெட்ரோல் எப்படிச் சொட்டும், தட்டில் இருந்த பழைய ஆயில் எப்படிப் பற்றும், எடைமேடையில் வருஷா வருஷம் நடக்கும் தீயணைப்புப் பயிற்சியில் ஏன் முதலில் தரையைப் பார் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், எல்லாவற்றையும் இருபத்திரண்டு நாள் வட்டியோடு விளக்கினான். நடுவில் ஆறு லாரி வந்து போயிற்று. பல்லக்கா வாயைத் திறக்கவில்லை. கடைவாய்ப்பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு முதல் அவன் மறுபடி வந்தான். மூன்று மாதம் ஆயிற்று. பாதி ஒயரைப் புதிதாக இழுத்தார்கள், பானெட்டின் கொப்புளம் விழுந்த பெயின்ட்டைச் சுரண்டினார்கள். இடுக்குகளில் மஞ்சள் கிளம்பிக்கொண்டேதான் இருந்தது. தபால்காரர் தினம் ஒரு தடவை வந்து, "நான் மட்டும் அன்னைக்குத் தண்ணி ஊத்தலேன்னா..." என்று பெருமூச்சு விட்டார். இருவரும் தலையாட்டினார்கள். அவரிடம் உண்மையைச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை பிற்பகலில் எஞ்சின் எடுத்தது. நாலு விநாடியில்லை, நாலு நிமிஷம் ஓடியது. தம்பி முன்னால் உட்கார, கணவரே வந்து பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். ஷெட்டை விட்டு வெளியே வந்து, தெருமுனை வரை போய், திரும்பும்போது ஹாரனை ஒரு முறை அழுத்தினாள் பல்லக்கா.

அது நிற்கவில்லை. கையை எடுத்தாள், அலறியது. சாவியை அணைத்தாள், அப்போதும் அலறியது. வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. எங்கோ ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. கணவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "பஸ்ஸே தேவலை" என்று கத்தினார்.

"ஹாரன் ஒயரை மாத்திக் குடுத்தா இப்படித்தான் ஆகும்" என்று தம்பி அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினான். "அது எப்படின்னா..."

"தெரியும்டா, நான்தான் குடுத்தேன்! முதல்ல பேட்டரியைக் கழட்டு, அப்புறம் சொல்லு, கேக்குறேன்!"

அவன் இறங்கிப் பானெட்டைத் திறந்தான். சத்தம் நின்றதும், பாதித் தெருவில் நின்ற காரின் பின்னால் மூன்று பேரும் போய் நின்று, வீடு வரை தள்ளினார்கள். தள்ளிய தூரம் முழுக்க அவன் விளக்கிக்கொண்டே வந்தான்.