சின்னத் தாத்தாவுக்குக் காவல் இருந்த மே மாதம்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் வேலை பார்த்துவிட்டேன். அவ்வளவு அதிகாரம் உள்ள வேலை இன்றுவரை மறுபடி அமையவில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி. தலைக்கு மேல் மொட்டைமாடி, அதற்கு மேல் நேராகச் சூரியன். அப்பா படப்பை தாண்டி ஒரு தொழிற்சாலைக்கும், அம்மா துணிக்கடைக்கும், மாமா மருந்துக்கடைக்கும் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். பகலில் வீட்டில் மிஞ்சுவது பள்ளி விடுமுறையில் இருந்த நானும் அம்மாவின் சித்தப்பாவும்தான். எனக்கு அவர் சின்னத் தாத்தா. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், எழுபத்தாறு வயது.

அதற்கு முந்தைய கோடையில், மத்தியானம் இரண்டு மணிக்கு டீ குடிக்கப் போன தாத்தா ஜிஎஸ்டி ரோட்டில் மயங்கி விழுந்துவிட்டார். மூன்று நாள் ஆஸ்பத்திரி. இந்த வயதில் உடம்புக்குத் தண்ணீர் குறைந்தாலும் தாகம் தெரியாது, இன்னொரு தடவை இப்படி ஆனால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். பதினொன்றிலிருந்து நாலு வரை வாசல்படி தாண்டக் கூடாது என்பது உத்தரவு. தாத்தா மசிகிற ஆளா?

"முப்பது வர்சம் பஸ்ஸுக்கு அடியில படுத்துகினு வேலை செஞ்சவன்யா நானு. என்னை இன்னா பண்ணிடும் இந்த வெயிலு?" என்றார்.

மாமா அவரிடம் வாதாடவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த மே மாசம் தாத்தா உன் பொறுப்பு. வெளிய விடாத, மணிக்கொரு தடவை தண்ணி குடு. மாசக் கடைசியில உனக்குப் பெரிய ஐஸ்கிரீம்," என்றார். அதே மாமா தாத்தாவையும் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பா வெயில்ல சுத்துது சித்தப்பா, நீங்கதான் கூட இருந்து பாத்துக்கணும்," என்று சொல்லியிருந்தார். அது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. ஆக, ஒரு வீட்டில் இரண்டு காவல்காரர்கள். கைதி என்று யாரும் இல்லை.

என் நிர்வாகம் கறாராக இருந்தது. மத்தியான சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் தாத்தா கையில் ஒரு டம்ளரைக் கொடுப்பேன். மாமா கொண்டுவந்த உப்புச் சர்க்கரைப் பொடியைக் கலக்கிய நாள்களில் அவர் முகம் கோணும். "இது தண்ணியா, கண்ணீரா?" என்பார். குடித்து முடிக்கும்வரை நகர மாட்டேன். பழைய வேட்டியை நனைத்து ஜன்னலில் கட்டினேன். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

இரண்டாம் வாரம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் மனிதர் நழுவிப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். மீசையில் ஏலக்காய் வாசனை. எனக்கு வந்ததே கோபம்! மறுநாள் காலை அவருடைய ரப்பர் செருப்பை எடுத்து என் பள்ளிப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். விடுமுறையில் அந்தப் பையை யாரும் தொடப்போவதில்லை. அப்பாவும் மாமாவும் தங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அம்மாவின் பழைய செருப்பு அவர் காலுக்குப் பாதிதான் இருக்கும். மே மாத மத்தியானத்தில் செருப்பில்லாமல் யார் தெருவில் இறங்குவார்கள்? அவ்வளவு கெட்டிக்காரி நான்.

அன்றைக்கென்று பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஒரு மணிக்கு வீடு அடுப்பாகிவிட்டது. தாத்தாவுக்குத் தண்ணீர் கொடுத்த நான் குடிக்கவே இல்லை. தலை வெடித்தது, ஒரு தடவை வாந்தியும் எடுத்தேன். தாத்தா என்னைத் தரையில் படுக்க வைத்து, ஈரத் துண்டால் முகத்தையும் கழுத்தையும் துடைத்தார். கீழ் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தார். ஊருக்குப் போயிருந்தார்கள். போன் செய்தும் மாமா எடுக்கவில்லை.

"பாப்பா, என் செருப்பு எங்க கீது?"

டீக்குத்தான் அடி போடுகிறார் என்று நினைத்தேன். வாந்தி எடுத்துக் கிடந்த நிலையிலும் பதவி மறக்கவில்லை எனக்கு.

"தெரியாது தாத்தா."

அவர் வாசலில் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு மாடிப்படியில் வெறுங்கால் இறங்கும் சத்தம் கேட்டது. முதல் படியிலேயே திரும்பிவிடுவார் என்று நம்பிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அரை மணி நேரம் கழித்து மூச்சு வாங்க வந்தார். கையில் இரண்டு இளநீர், ஒரு பையில் ஐஸ்கட்டி. மெயின் ரோட்டுக் கடைவரை போய் வந்திருக்கிறார். எனக்கு மெதுவாக இளநீரைப் புகட்டினார். நான் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் பாத்ரூமிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு காலையும் அதற்குள் விட்டுக்கொண்டார். சாயங்காலம்வரை எடுக்கவில்லை. வெயிலுக்கு இதமாகத்தானே, நாம் சொல்லாமலே செய்கிறாரே என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

இரவு அம்மா அவர் உள்ளங்காலைப் பார்த்து அலறிவிட்டாள். இரண்டு பாதத்திலும் கொப்புளம்.

"கோயிலாண்ட செருப்பை விட்டேன், எவனோ தூக்கினு போயிட்டான்," என்றார் தாத்தா.

"மத்தியானத்துல எந்தக் கோயில் திறந்திருக்கு சித்தப்பா?"

"வெளிய நின்னு கும்புட்டேம்மா."

அம்மா திட்டித் தீர்த்தாள். தாத்தா என் பக்கம் திரும்பவே இல்லை. அவரும் பொய் சொல்கிறார், நானும் சொன்னேன், கணக்கு நேராகிவிட்டது என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். மாமா புதுச் செருப்பு வாங்கி வந்தார்.

அந்தச் செருப்பு வாசலில் அப்படியே கிடந்தது. அதன்பின் தாத்தா வெளியே போகவே இல்லை. என் காவலின் மகிமையை மாமா எல்லோரிடமும் புகழ்ந்தார். சொன்னபடி ஐஸ்கிரீமும் வந்தது.

மாதக் கடைசியில் ஒரு நாள் தாத்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வாசல் வரைக்கும் போயிட்டு வரட்டா பாப்பா?"

"நாலு மணிக்கு மேலதான்," என்றேன், சுவர்க் கடிகாரத்தைக் காட்டி.

"சரிம்மா," என்று உடனே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதரை ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டேன் என்று பூரித்துப் போனேன். அந்தக் காலில் அவரால் நிற்க முடியவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.