அவள் கணக்கின் கடவுச்சொல்

நூலகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு வயது ஐம்பத்தாறு. மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. வீட்டில் பேச ஆளில்லை. அலுவலகத்தில் ஆள் இருந்தும் பேச்சில்லை. கம்ப்யூட்டர்காரருக்கு வாய் எதற்கு என்று அங்கே ஒரு நினைப்பு.

தினமும் வீடு திரும்பியதும் மனைவியின் பழைய லேப்டாப்பில் நூலகத் தளத்தைத் திறப்பார். அவள் பெயரும் கடவுச்சொல்லும் தாமாகவே கட்டங்களில் வந்து உட்காரும். உள்ளே அவள் படித்த புத்தகங்களும், ஒவ்வொன்றுக்கும் அவள் எழுதிய குறிப்பும் இருக்கும். ‘கதாநாயகனுக்கு யாராவது ரெண்டு அறை விட்டிருந்தால் பத்தாம் பக்கத்திலேயே கதை முடிந்திருக்கும்.’ நாளுக்கு ஒரு குறிப்புதான் படிப்பார். தீர்ந்துபோய்விடுமே என்று பயம்.

அந்த வாரம் நூலகத்தில் வம்பு வந்தது. பொதுக் கணினியில் ஒருவர் சேமித்துவிட்டுப் போன கடவுச்சொல், அடுத்து உட்கார்ந்தவருக்குத் தானாக நிரம்பிவிட்டது. அந்தப் புண்ணியவான், முன்னவர் என்னென்ன நோய்க்குப் புத்தகம் எடுத்தார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

“இனிமே எந்தக் கம்ப்யூட்டர்லயும் தானா நிரம்பக் கூடாது சார்,” என்றார் தலைமை நூலகர் அம்மா.

நிரப்பாதே என்று தளத்தின் உள்நுழைவுப் படிவத்துக்கான நிரலில் அவர் ஒரு வரி எழுதினார். பிரவுசர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இது புதுக் கடவுச்சொல் கேட்கும் கட்டம் என்று மாற்றி எழுதினார், பழையதை நிரப்பாமல் வாலைச் சுருட்டிக்கொண்டது. இனி மாற்றத்தைத் தளத்தில் ஏற்றும் பொத்தானை அழுத்தினால் எல்லோருக்கும் மாறும், அவர் வீட்டு லேப்டாப்பிலும்தான். அரை நாள் தள்ளிப்போட்டார். மானம் போன அந்த மனிதர் வந்து உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்ததும் அழுத்திவிட்டார்.

மாலையில் வீட்டு லேப்டாப்பில் கட்டங்கள் காலியாக இருந்தன.

சேமித்ததை பிரவுசரின் அமைப்புகளில் பார்க்கலாம் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் கடவுச்சொல்லைத் தட்டும்போதெல்லாம் மனைவி, “அந்தப் பக்கம் திரும்புங்க,” என்பாள். இவரும் சொல் தட்டாமல் திரும்பிக்கொள்வார்.

கடைசியில் அமைப்புகளைத் திறந்து பார்த்தார். ‘படகு வாங்கணும்’ என்று ஆங்கில எழுத்துகளில் இருந்தது.

படகா? பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டாலே அவளுக்குத் தலைசுற்றும்.

“உனக்கெதுக்கும்மா படகு?” என்று வாய்விட்டே கேட்டார்.

இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், உனக்கு என்ன வேண்டும் என்று அவர் அவளை ஒருநாளும் கேட்டதில்லை.