ஆணி அடிக்கக் கூடாத வீட்டில் படங்கள்

ஓசூரில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனுக்கு ஓனரம்மா போட்ட நிபந்தனைகளில் பெரியது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது. தண்ணீர் விடும் நேரம், கேட் பூட்டும் நேரம் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தவர், இந்த இடத்தில் நிறுத்தினார். கீழே நின்றபடியே மாடிப்படிச் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, "ஒரு ஆணி கூட வேண்டாம் சார். காலண்டருக்குக் கூட வேண்டாம்" என்றார். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று பேசுகிறவர் அவர். எந்த மொழியிலும் அவருக்கு ஆணி ஆகாது. நான் தாராளமாகத் தலையாட்டினேன். மாட்டுவதற்கு என்னிடம் அப்போது ஒன்றுமில்லை.

படக் கிறுக்கு பிடித்தது அதற்குப் பிறகுதான். அதற்கு மழைதான் காரணம். வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. நாளெல்லாம் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். கீறல், பிசிறு, நூலளவு கூடுதல், நூலளவு குறைச்சல் என்று எது கண்ணில் பட்டாலும் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் அளவுக் கருவிகளைச் சரிபார்த்து வாங்கி வர என்னைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். திரும்புகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய கட்டடத்துக்குள் ஓவியக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நின்றால் காவலாளி முறைக்கிறாரே என்று உள்ளே போனேன்.

படங்களைப் பார்த்தேன் என்று சொல்வது தவறு. இன்ஸ்பெக்ஷன் பண்ணினேன். ஒரு குதிரைக்கு மூன்று கால்தான் இருந்தது. ஒரு ஜன்னல் கோணலாக நின்றது. ஒரு பெரியவரின் கை ஆளைவிட நீளம். ஆனால் யாரும் எதையும் ரிஜெக்ட் பண்ணவில்லை! அத்தனைக்கும் சட்டம் போட்டு, மேலே விளக்கும் போட்டு மரியாதையாக மாட்டியிருந்தார்கள். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி இருந்தது. மழை விட்டதுகூடத் தெரியாமல் அந்த மூன்று கால் குதிரையின் முன்னாலேயே நின்றிருந்தேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் பெங்களூர் பஸ் ஏறுவது வழக்கமாகிவிட்டது. நடைபாதையில் மாணவர்கள் விற்கிற படங்கள், பழைய சாமான் கடைகளில் தூசு படிந்து கிடப்பவை என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்து சேர்ந்தன. குருபரப்பள்ளியில் ஒரு டீக்கடையில், யாரோ லாரி டிரைவர் பில் தாளின் பின்புறம் பேனாவால் வரைந்துவிட்டுப் போன மலையைப் பார்த்தேன். கடைக்காரரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். நெடுஞ்சாலை ஓரத்தில் பொம்மை விற்பவர்களிடம் ஒரு காது இல்லாத பிளாஸ்டர் குதிரை ஒன்றும் கிடைத்தது. எதற்கு எவ்வளவு ஆனது என்று சொல்ல மாட்டேன். படத்தைப் பார்க்கும் முன்பே விலையைக் கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாங்கியதெல்லாம் சரி, வைப்பது எங்கே? சுவர் கண்ணெதிரே வெள்ளையாக, காலியாக, ஆணிக்கு ஏங்கிக்கொண்டு நின்றது. நானோ பீரோ மேலேயும், டிவிக்குப் பின்னாலும், கட்டிலுக்கு அடியிலும் படங்களை அடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கம்பெனி வழக்கப்படி அவற்றுக்கு ஷிப்ட் போட்டேன். இந்த வாரம் ஜன்னல் திண்டில் நிற்கும் படம் அடுத்த வாரம் பீரோவுக்கு மேல் போகும். கட்டிலடியில் இருப்பது வெளிச்சத்துக்கு வரும். "மனுசங்களுக்குத்தான் நைட் ஷிப்ட்னு நெனச்சேன்" என்றாள் என் மனைவி. அவள் விருதுநகர்ப் பக்கம். சிரிக்காமலே கிண்டல் பண்ணுவது அவர்கள் குடும்பச் சொத்து.

அப்படியிருக்கும்போதுதான் அவளை வாங்கி வந்தேன். அவள் என்றால் படத்தில் இருப்பவள். மொட்டைமாடியில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு துணி காயப்போடுகிறாள். கொடி கொஞ்சம் உயரம், அதனால் ஒரு குதிகாலைத் தூக்கி எம்பி நிற்கிறாள். கொடியில் பாதி தூரத்துக்குத் துணி, மீதி காலி. கீழ் மூலையில் வண்ணமே பூசாமல் கித்தான் அப்படியே விட்டிருந்தது. கம்பெனியில் என் கைக்கு வந்திருந்தால் நேராகச் சிவப்புப் பெட்டிதான். எனக்கோ அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. வரைந்த பெண் கல்லூரி மாணவி. முகம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "எனக்கும் தெரியாது சார், அவங்க திரும்பவே இல்ல" என்றாள் அரைகுறைத் தமிழில்.

பழைய பெட்ஷீட்டில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் வந்தார்.

"கண்ணாடியா? ஒடைஞ்சா நான் பொறுப்பில்ல."

"படம்ங்க."

"சாமி படமா?"

"இல்ல."

"அப்ப தவறிப்போனவங்களா?"

"இல்ல."

"பின்ன யாரு?"

"தெரியாது."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட்கூடக் கிழிக்காமல் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் வீட்டுச் சுவர்களில் சாமிக்கு இடமுண்டு, செத்தவர்களுக்கு இடமுண்டு. யாரென்றே தெரியாதவளுக்கு எந்த வீட்டில் இடம் வைத்திருக்கிறோம்?

வீட்டுக்கு வந்ததும் மனைவி படத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். "கோவமா நிக்கா. ஞாயித்துக்கெழமையும் புருசன் பெங்களூருக்குப் போயிட்டான் போல" என்றாள். என்னோடு வேலை செய்யும் மத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். "இல்லப்பா, அது சிரிக்குது. தோளப் பாரு, குலுங்குது" என்றார். எனக்கு அவள் ஏதோ பாட்டை முணுமுணுக்கிற மாதிரி இருந்தது. வரையாத ஒரு முகத்துக்காக மூன்று பேர் காபி ஆறும்வரை சண்டை போட்டோம்.

அன்று முதல் மற்ற படங்களுக்குத்தான் ஷிப்ட். அவளுக்கு நிரந்தரமாக ஜன்னல் திண்டு. என்றைக்காவது சொந்த வீடு கட்டினால் ஹாலில் ஒரு ஆணி அடித்து இவளை மாட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். சொந்த வீடு என்பதற்கு எனக்கு இருந்த ஒரே அர்த்தம் அந்த ஆணிதான்.

ஒரு மதியம் அந்தப் படத்தின் சட்டம் ஒரு மூலையில் இளகியிருந்தது. தரையில் வைத்துச் சின்ன ஆணி ஒன்றை நாலு தட்டு தட்டினேன். அவ்வளவுதான், கீழிருந்து "வத்து! வத்து!" என்று அலறல். பதறினால் ஓனரம்மாவுக்குத் தெலுங்குதான் வரும், வேண்டாம் வேண்டாம் என்கிறார். மூச்சிரைக்க மாடி ஏறி வந்து சுவரைப் பார்த்தார், சுத்தியைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். சுவரை மறந்துவிட்டார்.

"யாரு சார் இது?"

"தெரியாதும்மா."

குனிந்து கிட்டத்தில் பார்த்தார். பிறகு, "அழுவுறா" என்றார். "கொடி எட்டலன்னா என் பொண்ணும் இப்பிடித்தான் ஒரு குதிகாலத் தூக்கினு நிக்கும்." உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு, மோட்டார் போட வேண்டும் என்று இறங்கிப் போனார்.

மளிகைக் கடையில் மனைவி மீதிக் கதையைக் கேட்டு வந்தாள். எங்களுக்கு முன்னால் இதே மாடியில் குடியிருந்த கம்பெனிப் பையனோடு ஓனரம்மாவின் மகள் போய்க் கல்யாணம் செய்துகொண்டாளாம். கோயம்புத்தூரில் நன்றாகத்தான் இருக்கிறாளாம். இங்கிருந்தும் பேச்சில்லை, அங்கிருந்தும் பேச்சில்லை. அதற்குப் பிறகு, என் சுத்திச் சத்தம் கேட்ட நாள்வரை ஓனரம்மா மாடிப்படியே ஏறியதில்லை. வெள்ளையடித்தபோதுகூடக் கீழே நின்றுதான் வேலை வாங்கினாராம்.

அப்படிப்பட்டவர் அதற்குப் பிறகு மாதம் பிறந்தால் மேலே வர ஆரம்பித்தார். "செவுரு செக் பண்ண வந்தேன்" என்பார். கை சுவரைத் தடவும், கண் ஜன்னல் திண்டில் இருக்கும். மனைவி காபி கொடுப்பாள். ஒரு மாதம் படத்துப் பெண் அழுகிறாள், அடுத்த மாதம் "கோவம்தான் போல சார்." இன்னொரு மாதம், "ஒண்ணுமில்ல, வெயிலு. கண்ணு கூசுது." மகளைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. என் படங்களைத் தேடி வந்த ஒரே ரசிகை அவர்தான். அவர் வரும் நாளில் படத்தைத் துடைத்து, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்து வைப்பேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

ஆண்டுகள் ஓடி, ஊருக்கு வெளியே ஒரு லேஅவுட்டில் நாங்களும் வீடு கட்டினோம். பூச்சு காய்ந்ததும் நான் செய்த முதல் வேலை ஹால் சுவரில் ஆணி அடித்தது. கொத்தனாரின் ரசமட்டத்தை வாங்கி அளந்து, மாலை வெயில் எந்த இடத்தில் விழுகிறது என்று பல நாள் நின்று பார்த்து, நடுவாக ஒரே ஒரு ஆணி. "பால் காய்ச்சறதுக்கு நாள் பாக்கல, ஆணிக்கு நாள் பாக்குறாரு" என்றாள் மனைவி.

காலி செய்கிற நாள் வந்தது. சாமானெல்லாம் டெம்போவில் ஏறிவிட்டது. ஓனரம்மா மேலே வந்து அறை அறையாகச் சுவரைத் தடவினார். "ஒரு ஓட்டை இல்ல. நல்லா வச்சிருந்தீங்க" என்றார். நான் அந்தப் படத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்திருந்தேன். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"சார், அந்தப் பொண்ண மட்டும் உட்டுட்டுப் போங்க."

எனக்குக் கொடுக்க மனமில்லை. அதை ஏன் மறைக்க வேண்டும்? "வேற எது வேணும்னாலும் எடுத்துக்கங்கம்மா. அந்தக் குதிரை இருக்கு, ஒரு காது இல்ல, ஆனா நல்லா இருக்கும்" என்று உளறினேன். "குதிரைய வச்சினு நான் இன்னா சார் பண்ணுவேன்" என்றார். கோபமில்லை, கேட்டுவிட்டோமே என்ற வெட்கம்தான் தெரிந்தது. மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதே வாசற்படியில் இவர் வீட்டுப் பெண்ணை ஒரு குடித்தனக்காரன் ஏற்கெனவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். இப்போது நானும் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறேன். அது உறைத்ததும் என் கை தானாக இறங்கிவிட்டது.

"எங்கம்மா வைக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

கீழே தன் ஹாலுக்குக் கூட்டிப் போனார். இத்தனை வருடத்தில் நான் அந்த ஹாலுக்குள் போனதில்லை. சுவரில் ஓர் ஆணி கிடையாது. சாமிகள் மாடத்தில் இருந்தார்கள். காலமான அவர் கணவரின் போட்டோகூட மாலையோடு டிவி மேல் சாய்ந்துதான் இருந்தது. எங்களுக்குப் போட்ட சட்டத்தைத் தனக்கும் போட்டுத்தான் வாழ்ந்திருக்கிறார். நான் டிவி பக்கம் இடம் தேட, அவர் எதிர்ச்சுவரின் நடுவில் விரலை வைத்தார்.

"இங்க அடிங்க."

டெம்போவிலிருந்து சுத்தி வந்தது. பழைய சுவர். முதல் அடியிலேயே தோசை அளவுக்குக் காரை பெயர்ந்து என் கால்மேல் விழுந்தது. சுத்தியை இறக்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். ஓனரம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "வத்து" வரும் என்று காத்திருந்தேன்.

"பர்வாலேது சார்," என்றார். "கொட்டண்டி."

பரவாயில்லை, அடிங்க என்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளி அடித்தேன், ஆணி நின்றது. ரசமட்டம் இல்லாததால் படம் ஒரு பக்கம் சாய்ந்தே தொங்கியது. பெயர்ந்த காரையில் பாதியை அது மறைத்தது, மீதி வெளியே தெரிந்தது. இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்தோம். இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் படவில்லை.

எங்கள் புதுவீட்டு ஆணியில் வேறு படம் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. மனைவி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மளிகைக் கடைத் தினக் காலண்டரை மாட்டிவிட்டாள். மாலை வெயில் சரியாக அதன் மேல்தான் விழுகிறது.

மாதம் பிறந்ததும் பழைய வீட்டுக்குப் போனேன். "செவுரு செக் பண்ண வந்தேன்ம்மா" என்றேன். ஓனரம்மா சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் படத்துக்கு நேராகப் போட்டார். இன்று எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும் சார். கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன்" என்றார். "இன்னா பேசறதுன்னு தெரியல. நம்ம வூட்டுச் செவுத்துல ஆணி அடிச்சிட்டேன்னு சொன்னேன். நம்ப மாட்டேங்குது. நேர்ல வந்து பாக்குதாம்."