மாதா படம் போட்ட பைகள்

எனக்கு வேலை சிதம்பரத்தில், வீடு கடலூரில். மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் புதுச்சத்திரம் வருவதற்குள் கண் சொக்கிவிடும். பாதித் தூக்கத்தில் பார்த்தால் சாலையோர வேலிக்காத்தான் முள்ளெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். நன்றாக விழித்துப் பார்த்தால் அத்தனையும் கடைக்காரன் கொடுத்த பிளாஸ்டிக் கவர். கனவில் அவை முள்ளிலிருந்து தாமாகக் கழன்று கடலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கும், நான் பின்னால் ஓடுவேன். கண் திறக்கும்போது பஸ் ஆலப்பாக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்.

இந்தக் கனவின் தொல்லை தாங்காமல்தான் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று பேச ஆரம்பித்தேன். எங்கள் மாதா கோயில் தெருவிலேயே காய்கறி, மீன், கருவாடு எல்லாம் விரித்து விற்பார்கள். பூசைக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு போய் விரலுக்கு ஒரு கவர் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். கடையில் கவர் கேட்காதீர்கள், வீட்டில் இருப்பதைக் கழுவிக் காயவைத்துத் திரும்பத் திரும்ப எடுத்து வாருங்கள், கிழிந்ததைச் சாக்கடையில் போடாமல் கோயில் வாசலில் வைத்திருக்கும் சாக்கில் போடுங்கள், உருக்கி வேறு சாமான் செய்ய அனுப்பிவிடலாம் என்பேன். உள்ளே ஒரு பிரசங்கம், வெளியே ஒரு பிரசங்கமா என்று சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். விழுங்கிக்கொண்டு முதலிலிருந்து சொல்வேன். முதலில் பையைக் கொடு, அப்புறம் பேசு என்றாள் ஒருத்தி. அது நியாயமாகத்தான் பட்டது.

பை தைக்க வீட்டிலேயே ஆள் இருந்தது. என் வீட்டுக்காரர் பண்ருட்டியிலிருந்து பலாப்பழ லோடு அடித்த லாரி டிரைவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் மந்தமான பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது. பேச்சும் குறைந்துபோனது. காலுக்குப் பயிற்சி என்று சொல்லி என் கல்யாணச் சீராக வந்த தையல் மெஷினை அவர் முன்னால் இழுத்துப் போட்டேன். முறைத்தார், பிறகு மிதித்தார். தையல் நேராகத் தொடங்கிப் போகப் போக இடது பக்கம் சரியும். லெஃப்டில் இழுக்கிறது என்று லாரியைச் சொல்வதுபோலச் சொல்வார். கைப்பிடி அறுந்துவிடக் கூடாதென்று அங்கே மட்டும் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துத் தள்ளுவார். லீவு நாளின் மதியத் தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்கும். எங்கோ தூரத்தில் ஒரு லாரி மெதுவாக மேடு ஏறுவதுபோல இருக்கும். அவர் திரும்பி வந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றும்.

பையில் மாதா படம் அச்சடித்தது என் மூளை. மாதா இருந்தால் யாரும் தூக்கி எறிய மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். பங்குச் சாமியாரும் சரி என்றார். திருநாளன்று வீட்டுக்கொன்றாகக் கொடுத்தோம். எல்லோரும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு என் தோளைப் பிடித்துக்கொண்டு அவரும் வந்தார். கோயில் படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்தார். ஒரு கையிலும் எங்கள் பை இல்லை, எல்லாம் கவர்தான். அப்படியே சில ஞாயிறுகள் போயின. ஒருநாள் பாதியில் எழுந்துவிட்டார்.

"கோணத் தையலு. அதான் எவனும் தொட மாட்டன்றான். நம்மளப் பாத்துப் பாவம்னு வாங்கிக்கினு போயிருக்கானுங்க."

வீட்டுக்கு வந்ததும் மெஷின் மேல் துணியைப் போட்டு மூடினார். நாற்காலி பழையபடி சுவர்ப்பக்கம் போனது. எனக்குப் பயமாக இருந்தது. பை போனால் போகட்டும், இவர் மறுபடியும் எங்கோ போய்விட்டால் நான் என்ன செய்வேன்.

தெருவாரியாக ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் அந்த வாரம் பக்கத்துச் சந்தில் நடந்தது. முழங்காலில் இருந்தபடி நிமிர்ந்து பார்க்கிறேன், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஆணியில் எங்கள் பை தொங்குகிறது. உள்ளே ஜெபப் புத்தகமும் ஜெபமாலையும். ஜெபம் முடிந்ததும் ஏன் இதைக் கடைக்கு எடுத்துப் போவதில்லை என்று கேட்டேன். அந்த வீட்டுப் பெண் திடுக்கிட்டுப் போனாள்.

"மாதா படத்தப் போட்டுக் குடுத்துட்டு, அதுல கருவாடு வாங்கச் சொல்றீங்களாக்கா?"

சாக்குச் சொல்லிக்கொண்டு நாலு வீடு ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் ஆணியில்தான் இருந்தது. என் கணக்கு பலித்துவிட்டது, யாரும் தூக்கி எறியவில்லை. வழியில் நின்று பைத்தியம்போல் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன்.

அவர் நம்பவில்லை. நான் சமாதானத்துக்குக் கதை கட்டுவதாக நினைத்தார். படம் இல்லாத பை தைத்துத் தரச் சொல்லி நச்சரித்தேன். நச்சரிப்புத் தாங்காமல் தைத்தார். அவை எங்கே போகின்றன என்று கேட்கவில்லை, கோயில் தெருவுக்கும் வரவில்லை. தெருவில் அந்தப் பைகளைப் பார்க்க ஆரம்பித்த பிறகு ஓடிவந்து சொன்னேன். எல்லாரும் நமக்குத் தெரிந்தவர்கள், உன் முகத்துக்காகத் தூக்குகிறார்கள் என்று வாயை அடைத்துவிட்டார். பிறகு ஒரு கட்டு பையைச் சிதம்பரத்துக்கு எடுத்துப்போய், மார்க்கெட் வாசலில் முகம் தெரியாதவர்களிடம் கொடுத்து அதே பிரசங்கத்தைச் செய்தேன். அவரோ நூல் தீர்ந்ததும் மெஷினை மூடிவிட்டார்.

போன மாதம் ஒரு மாலை பஸ்ஸில் நல்ல கூட்டம். நான் தூக்கத்தில் கவர்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். மடியில் ஏதோ கனமாக வந்து உட்கார்ந்தது. நின்றுகொண்டிருந்த ஒரு பெண் தன் பையை வைத்திருக்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தாள். கருவாடு, நாத்தம் அடிக்கும் என்று சங்கடப்பட்டாள். நாத்தம் அடிக்கத்தான் செய்தது. குனிந்து பார்த்தேன். நேராகத் தொடங்கிய தையல் இடது பக்கம் சரிந்துபோயிருந்தது. கைப்பிடியில் குறுக்கும் நெடுக்குமாக நூல். கனவோ என்று விரலால் தடவினேன்.

பை எங்கே வாங்கியது என்று கேட்டேன்.

"சம்பந்தி வூட்ல குடுத்தாங்கம்மா. எவ்ளோ கனம் வச்சாலும் தாங்குது. யாரு தச்சாங்களோ."

அவள் ஆலப்பாக்கத்தில் இறங்கும்வரை பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். அதன்பின் தூக்கம் வரவில்லை.

மஞ்சக்குப்பத்தில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் சுவரைப் பார்த்தபடியே மூக்கை உறிஞ்சினார். கருவாடு வாங்கி வந்தாயா என்றார். நான் வாங்கவில்லை, யாரோ ஒருத்தி உங்கள் பையில் வாங்கிப்போகிறாள், பஸ்ஸில் என் மடியில் வைத்தாள், பை நன்றாகத் தாங்குகிறதாம் என்றேன். புடவை முந்தானையை அவரிடம் நீட்டினேன். இடது கையால் வாங்கினார், மெதுவாக மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடி வெகுநேரம் முகர்ந்தார்.

"நெத்திலி" என்றார்.

பிறகு சுவரைப் பிடித்து எழுந்து நாற்காலியை மெஷின் பக்கம் திருப்பிப் போட்டார்.

"நாளைக்கு வரும்போது நூல் வாங்கியா."